நார்ஸ் புராணமும் வைகிங் வரலாறும்: எந்தப் புத்தகத்தில் தொடங்கி எப்படிப் படிப்பது?

தோர், லோகி படங்களைப் பார்த்துவிட்டு மூலக் கதைகளைத் தேடுபவர்கள் பொதுவாக இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, இந்தக் கதைகளின் மூல நூல்களான "எட்டா" (உரைநடையில் ஒன்று, கவிதையில் ஒன்று) என்று தேடி முதலில் வந்த மலிவுப் பதிப்பை வாங்கி, பத்துப் பக்கம் தாண்டாமல் மூடிவிடுவது. இன்னொன்று, இன்றைய எழுத்தாளர் திருப்பிச் சொன்ன கதைத்தொகுப்பைப் படித்துவிட்டு, அதுதான் மூலம் என்று நம்பிவிடுவது. சரியான வரிசையில் போனால் இரண்டும் நடக்காது. கீழே உள்ள வழி ஆங்கில மொழிபெயர்ப்புகளை நம்பியது. பழைய நார்ஸ் மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை.

படி 1: நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு

புத்தகம் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: கதை அல்லது நிகழ்ச்சி, எந்த நூலில் வருகிறது, அந்த நூல் எழுதப்பட்ட காலம், எழுதியவர் யார். முதல் பக்கத்தின் தலையில் இந்த ஆண்டுகளைக் குறித்து வையுங்கள்.

793 – இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீது தாக்குதல். வைகிங் காலம் இங்கே தொடங்குவதாகக் கொள்வது வழக்கம்.
930 – ஐஸ்லாந்தில் ஆல்திங் என்ற பொதுமன்றம் தொடக்கம்.
999 அல்லது 1000 – ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது.
1066 – இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் போர். வைகிங் காலத்தின் முடிவாகச் சொல்லப்படும் ஆண்டு.
1220-ஐ ஒட்டி – ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டூர்லுசன் உரைநடை எட்டாவை எழுதுகிறார்.
1270-களில் – கவிதை எட்டாவின் முதன்மைச் சுவடியான கோடெக்ஸ் ரேகியஸ் எழுதப்படுகிறது.

நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். தலைமைத் தெய்வமான ஓடினைப் பற்றி நாம் படிக்கும் கதைகளில் பெரும்பகுதியை ஏட்டில் எழுதியவர்கள், ஓடினை யாரும் வெளிப்படையாக வணங்காத காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள். கவிதைகளில் சில அதைவிடப் பழையவையாக இருக்கலாம், ஆனால் நம் கைக்கு வந்த ஏடு 13-ஆம் நூற்றாண்டுடையது. இது மனதில் இல்லாவிட்டால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

படி 2: பெயர்களைப் பழக்குவது

ஒரே ஆளின் பெயர் மூன்று புத்தகத்தில் மூன்று விதமாக வரும். பால்ட்ர், பால்டர், பால்டுர் மூவரும் ஒருவரே. ஃப்ரேயும் ஃப்ரேய்ரும் ஒருவரே. ஃப்ரேய்ரின் கடைசியில் வரும் "ர்" எழுவாய் விகுதி. சில மொழிபெயர்ப்பாளர்கள் அதை வைத்திருப்பார்கள், சிலர் வெட்டிவிடுவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்து, புதிய எழுத்துக்கூட்டல் வரும்போதெல்லாம் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. டி போல வளைந்து தலையில் குறுக்குக்கோடு போட்ட எழுத்து, "அது" என்று சொல்லும்போது நம் வாயில் வரும் த-தான். குச்சியின் நடுவில் வயிறு வைத்த எழுத்து ஆங்கிலப் பி போலத் தெரியும், ஆனால் அதையும் த என்றே படிக்க வேண்டும். தோர் பெயரின் முதலெழுத்து அதுதான். ஜே வரும் இடத்தில் ய.

ஸ்டூர்லுசன் என்பது குடும்பப் பெயர் அல்ல. ஸ்டூர்லாவின் மகன் என்று பொருள். நம் இனிஷியல் போலத்தான், ஆளின் பெயர் ஸ்னோரி. ஆய்வு நூல்களின் பொருளடைவில் "ஸ்னோரி" என்றும், இணையக் கடைகளில் "ஸ்டூர்லுசன்" என்றும் தேடினால் கிடைக்கும். நூலகத்தில் இரண்டையும் தேடுங்கள்.

படி 3: ஒரே ஒரு மறுகூறல் நூல்

கெவின் க்ராஸ்லி-ஹாலண்ட் 1980-இல் வெளியிட்ட "தி நார்ஸ் மித்ஸ்" போதும். 32 கதைகள், பின்னால் ஒவ்வொரு கதைக்கும் அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு. இந்தக் குறிப்புகளுக்காகத்தான் இந்த நூலைச் சொல்கிறேன். மூலம் சொல்லாத மறுகூறல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கத்தில் வேண்டாம். இரண்டாவது மறுகூறல் நூலும் வேண்டாம், நேராக மூலத்துக்குப் போய்விடுங்கள்.

படி 4: உரைநடை எட்டா, அதில் முதலில் கில்ஃபகின்னிங்

ஸ்னோரி இந்த நூலை எழுதியது இளம் கவிஞர்களுக்காக. பழைய கவிதைகளில் தங்கத்தை "சிஃபின் கூந்தல்" என்பார்கள், கவிதையை "க்வாசிரின் ரத்தம்" என்பார்கள். கதை தெரியாதவனுக்கு இது புரியாது. அதனால் கதைகளைத் திரட்டி வைத்தார். நூலில் முன்னுரையும் மூன்று பகுதிகளும் உண்டு: கில்ஃபகின்னிங், ஸ்கால்ட்ஸ்காபர்மால், ஹாட்டதால்.

முன்னுரையை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். கடவுளர்கள் ட்ராய் நகரிலிருந்து வந்த மனிதர்கள் என்று அது சொல்லும், அங்கேயே பலர் தவறான நூலை வாங்கிவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறார்கள். கில்ஃபகின்னிங்கில் தொடங்குங்கள். கில்ஃபி என்ற அரசன் மாறுவேடத்தில் போய் மூன்று பேரிடம் கேள்வி கேட்கிறான், அவர்கள் உலகத் தோற்றத்திலிருந்து ரக்னரோக் என்ற உலக அழிவு வரை சொல்கிறார்கள். கேள்வி பதில் வடிவம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி மறுநாள் தொடரலாம். ஸ்கால்ட்ஸ்காபர்மாலில் கதைகள் வரும் இடங்களை மட்டும் இப்போது படியுங்கள். ஹாட்டதால் யாப்புக்கு எடுத்துக்காட்டாக எழுதிய கவிதை, அது பிறகு.

பதிப்பு: ஆந்தனி ஃபோக்ஸ் மொழிபெயர்ப்பு முழுமையானது. வைகிங் சொசைட்டி ஃபார் நார்தர்ன் ரிசர்ச் தன் இணையப் பக்கத்தில் அதை இலவச பிடிஎஃப்-ஆகவே தருகிறது. பென்குவின் வெளியிட்ட ஜெஸ்ஸி பயாக் மொழிபெயர்ப்பு படிக்க எளிது, ஆனால் ஹாட்டதால் இல்லை, ஸ்கால்ட்ஸ்காபர்மால் சுருக்கப்பட்டிருக்கும். ஆர்தர் ப்ரோடரின் 1916 மொழிபெயர்ப்பு எங்கும் இலவசமாகக் கிடைக்கும். அதன் பழைய ஆங்கிலம் தொடக்க வாசகரைச் சோர்வடையச் செய்யும். மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத மின்னூல்களைத் தொடாதீர்கள்.

படி 5: கவிதை எட்டா – முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள்

பெரும்பாலானோர் கைவிடும் இடம் இது. எந்தப் பதிப்பைத் திறந்தாலும் முதலில் நிற்பது வோலுஸ்பா. சுவடியில் அதுதான் முதல் கவிதை, அதனால் அச்சிலும் அங்கேயே இருக்கும். உலகம் பிறந்து அழிந்து மீண்டும் எழுவதை ஒரு குறிசொல்லும் பெண் அறுபத்துச் சொச்சம் பாடல்களில் சொல்கிறாள். எந்தக் கதையையும் அவள் விளக்குவதில்லை. கேட்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் தொட்டுக்காட்டிவிட்டு நகர்கிறாள். நடுவில் குள்ளர்களின் பெயர்ப் பட்டியல் வேறு பாடல் பாடலாக நீள்கிறது. கதை தெரிந்த பிறகு படித்தால் இதைவிடப் பெரிய கவிதை அந்த மரபில் இல்லை. முதலில் படித்தால் ஒன்றும் பிடிபடாது.

இந்த வரிசையில் போங்கள். முதலில் த்ரிம்ஸ்க்விதா: தோரின் சுத்தியல் திருடுபோகிறது, அதை மீட்க அவனே மணப்பெண் வேடம் போட்டுப் போய் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று மூன்று பீப்பாய் மீடு (தேன் மது) குடிக்கிறான். நேரான கதை, ஒரே அமர்வில் முடியும். அடுத்து வாஃப்த்ரூத்னிஸ்மால்: ஓடினுக்கும் ஓர் அரக்கனுக்கும் அறிவுப் போட்டி. பிறகு க்ரீம்னிஸ்மால், அதில் கடவுளர்களின் இருப்பிடங்கள் வரும். பிறகு ஹாவமால். 164 பாடல்களை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். முதல் எண்பது பாடல்கள் விருந்தோம்பல், நட்பு, அளவாகக் குடித்தல் பற்றிய அறிவுரைகள், ஒருநாளைக்குப் பத்து போதும். 138-ஆம் பாடலில் ஓடின் ஒன்பது இரவு மரத்தில் தொங்கிய பகுதி தொடங்குகிறது. அடுத்து லோகசென்னா. லோகி ஒவ்வொரு தெய்வத்தையும் பெயர் சொல்லி வசைபாடுவதால் இதற்குள் பெயர்கள் பழகியிருக்க வேண்டும். வோலுஸ்பா கடைசி.

பதிப்பில் என் தேர்வு கரோலின் லாரிங்டன், 2014-இல் வந்த திருத்திய பதிப்பு. குறிப்புகள் கச்சிதமானவை. ஜாக்சன் க்ராஃபோர்டின் 2015 மொழிபெயர்ப்பு இன்னும் எளிய ஆங்கிலம். இலவசம்தான் வேண்டும் என்றால் ஹென்றி ஆடம்ஸ் பெல்லோஸ், 1923. அவருடைய விளக்கங்கள் நூறாண்டு பழையவை என்பதை மறக்க வேண்டாம். இந்த ஒரு நூலை மட்டும் அச்சில் வாங்குங்கள். பாடலுக்கும் குறிப்புக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருக்கும், இரண்டு இடத்தில் விரலை வைத்துக்கொள்ளும் வசதி கிண்டிலில் கிடையாது.

படி 6: ஒரு கதையை நான்கு மூலங்களில் ஒப்பிடுவது

நோட்டு இப்போது பயன்படும். ஓடினின் மகன் பால்டரின் சாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கில்ஃபகின்னிங்கில் கதை முழுதாக இருக்கிறது. லோகி பெண் வேடத்தில் பால்டரின் தாய் ஃப்ரிக்கிடம், அவனை எது கொல்லும் என்ற ரகசியத்தை அறிந்து, மிஸ்ல்டோ என்ற ஒட்டுண்ணிச் செடியைப் பறித்து, பார்வையற்ற ஹோத் கையில் கொடுத்து எறியச் சொல்கிறான். வோலுஸ்பாவில் மிஸ்ல்டோ உண்டு, ஹோத் உண்டு, ஃப்ரிக்கின் அழுகை உண்டு. கொலையைச் சொல்லும் பாடல்களில் லோகியின் பெயர் இல்லை. லோகசென்னாவில், பால்டரை இனி நீ பார்க்க மாட்டாய், அதற்குக் காரணம் நான் என்று லோகியே ஃப்ரிக்கிடம் சொல்கிறான். 1200-ஐ ஒட்டி டென்மார்க்கில் லத்தீனில் எழுதிய சாக்ஸோ கிராமட்டிகஸிடம் போனால் கதையே வேறு: அங்கே ஹோத் பார்வையுள்ள வீரன், நன்னா என்ற பெண்ணுக்காக இருவரும் போரிடுகிறார்கள், கொல்வது ஒரு வாள்.

நான்கையும் நான்கு வரிகளில் எழுதிப் பாருங்கள். "உண்மையான கதை எது" என்ற கேள்வி தானாக விலகி, "இந்த நூல் எப்படிச் சொல்கிறது" என்ற கேள்வி வந்து நிற்கும். நார்ஸ் புராணத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது என்றால் இதுதான்.

இதே முறையில் இன்னொன்றையும் சோதியுங்கள். ஒன்பது உலகங்கள் என்று சுவரொட்டிகளில் வரும் அழகான பட்டியல் எந்த மூலத்திலும் அப்படியே இல்லை. "ஒன்பது உலகங்கள்" என்ற சொல் உண்டு, ஒன்பதையும் வரிசையாகச் சொல்லும் இடம் கிடையாது. பட்டியல் பின்னாள் அறிஞர்கள் கோத்தது. லோகி ஓடினின் வளர்ப்பு மகன் என்பதும் திரைப்படத்துக்கே உரியது. லோகசென்னாவில் இருவரும் ரத்தம் கலந்த சகோதரர்கள். இறந்தோர் உலகை ஆளும் ஹெல், மூலங்களில் லோகியின் மகள்.

நம்மவர்கள் அடிக்கடி பகிரும் ஒன்றும் உண்டு. போரில் இறந்த வீரர்கள் சேரும் ஓடினின் மண்டபமான வல்ஹாலாவுக்கு 540 வாசல்கள், ஒவ்வொன்றிலும் 800 வீரர்கள் என்று க்ரீம்னிஸ்மால் சொல்கிறது. பெருக்கினால் 4,32,000, கலியுகத்தின் ஆண்டுகளும் அத்தனையே. ஆனால் பழைய நார்ஸில் "நூறு" என்ற சொல் பெரும்பாலும் 120-ஐக் குறித்தது. அப்படி எண்ணினால் 640 வாசல், 960 வீரர், மொத்தம் 6,14,400. இந்த ஒற்றுமையின் மேல் கோட்டை கட்டும் நூல்களை ஒதுக்கிவிடுங்கள்.

படி 7: சாகாக்கள்

சாகா என்பது பழைய ஐஸ்லாந்தின் நீண்ட உரைநடைக் கதை. ஐஸ்லாந்துக் குடும்ப சாகாக்களில் தெய்வங்கள் மேடைக்கு வருவது அரிது. நிலத்தகராறு, கால்நடை, திருமணம், வழக்கு, பழிக்குப் பழி என்று போகும். ஹ்ராஃப்ன்கெல் சாகாவில் தொடங்குங்கள், சிறியது, பாத்திரங்கள் குறைவு. அடுத்து வட அமெரிக்கப் பயணத்தைச் சொல்லும் இரண்டு வின்லாந்து சாகாக்கள். அதன் பிறகே ந்யால் சாகா.

ந்யால் சாகா 159 அத்தியாயங்கள். முதல் இருபது அத்தியாயங்களில் ந்யாலின் கதை சூடுபிடிக்காது, அதைக் கண்டு விட்டுவிட வேண்டாம். இரண்டு குடும்ப மரங்களை மட்டும் வரையுங்கள்: ந்யால், பெர்க்தோரா, அவர்கள் மக்கள் ஒருபக்கம், குன்னர், ஹால்கெர்ட் மறுபக்கம். வம்சாவளிப் பத்திகளை வேகமாகக் கடக்கலாம். இரண்டு மனைவிகளின் பகையால் இரண்டு வீட்டு வேலையாட்களும் மாறி மாறிக் கொல்லப்படும் பகுதியில் மட்டும் இழப்பீட்டுத் தொகையை எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் கொலைக்குக் கொடுத்த 12 அவுன்ஸ் வெள்ளி, அடுத்த கொலைக்கு அப்படியே திரும்பி வரும். தொகை ஏற ஏறக் கொல்லப்படுபவரின் தகுதியும் ஏறும், சட்டம் எங்கே பலவீனப்படுகிறது என்பது அந்த எண்களிலேயே தெரியும். ராபர்ட் குக் மொழிபெயர்ப்பு நல்லது. பக்கத்தில் ஐஸ்லாண்டிக் சாகா மேப் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் ஊர்கள் குழம்பாது.

படி 8: வரலாறு – பதிப்பாண்டைப் பாருங்கள்

எல்ஸ் ரோஸ்டாலின் "தி வைகிங்ஸ்" அடித்தளம். நீல் ப்ரைஸின் 2020 நூல் "சில்ட்ரன் ஆஃப் ஆஷ் அண்ட் எல்ம்" அகழாய்விலிருந்து பேசுவது. இரண்டும் போதும். புராணத்துக்கு உசாத்துணையாக ருடால்ஃப் சிமெக்கின் அகராதியை நூலகத்தில் புரட்டுங்கள்.

இந்தத் துறையில் பழைய நூல் ஏன் ஆபத்து என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். ஸ்வீடனில் பிர்காவில் 1878-இல் தோண்டிய ஆயுதக் கல்லறை ஒன்றை ஆணுடையது என்றே எழுதிவந்தார்கள். 2017-இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு அந்த எலும்புகள் பெண்ணுடையவை என்று காட்டியது. கனடாவில் லான்ஸ் ஓ மெடோஸில் இருந்த குடியிருப்புக்கு "1000-ஐ ஒட்டி" என்ற தோராயம்தான் இருந்தது. 2021-இல் வந்த ஆய்வு, அங்கே கிடைத்த மரங்கள் 1021-இல் வெட்டப்பட்டவை என்று உறுதிசெய்தது.

கொம்பு வைத்த தலைக்கவசத்தை அட்டையில் போட்ட நூலை இரண்டு முறை யோசியுங்கள். அந்தப் படிமம் பரவியதில் 1876-இல் பைரூத்தில் நடந்த வாக்னர் ஓபராவின் ஆடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. "வைகிங் ரூன் ஜோதிட" நூல்கள் ரூன் என்ற பழைய எழுத்துமுறையின் 24 எழுத்துகளை வைத்துப் பலன் சொல்லும். வைகிங் காலத்தில் புழங்கிய வரிசையில் 16 எழுத்துகள்தான்.

பின்சேர்க்கை: "என் பிரதியில் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன" என்ற கேள்விக்கு

கவிதை எட்டாவின் இரண்டாம் பாதியில் சிகுர்த் என்ற வீரனின் கதை நடுவில் அறுந்து, வேறு கவிதையின் மத்தியில் தொடரும். பிரதியில் தவறில்லை. சுவடியிலேயே எட்டு ஏடுகள் காணாமல் போய்விட்டன. 1643-இல் பிஷப் பிரின்யோல்ஃபுர் கைக்கு வந்த சுவடி, டென்மார்க் அரசருக்குப் போய், 1971-இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. அந்த ஏடுகள் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடம் வந்ததும் எட்டாவை மூடிவைத்துவிட்டு, வோல்சுங்க சாகாவில் சிகுர்த் க்யூகி மன்னன் அரண்மனைக்கு வரும் இடத்திலிருந்து அவன் கொல்லப்படும் வரை படியுங்கள். ஏடுகள் தொலையும் முன் அந்தக் கவிதைகளை அறிந்திருந்த ஒருவர் உரைநடையில் எழுதியது அது. முடித்ததும் எட்டாவுக்குத் திரும்பினால் மிச்சக் கவிதை தெளிவாகப் புரியும்.