ஒற்றை ஆளாக ஒரு மென்பொருள் தொழில்: திருப்பூர் டிசி (டெலிவரி சலான்) கணக்கை வைத்து ஒரு செய்முறை

சொந்தமாக ஒரு சிறு மென்பொருளை எழுதி, அதை விற்றுக் குடும்பம் நடத்த முடியுமா என்று யோசிக்கிறவர்களுக்கான செய்முறை இது. முடியும். முதலீட்டாளர் தேவையில்லை, அலுவலகம் தேவையில்லை. ஆனால் தொடங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மாதம் இரண்டு பேர் வீதம் ஆண்டுக்கு 24 புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் நூற்றுக்கு 30 பேர் விட்டுப் போனால், எத்தனை வருடம் உழைத்தாலும் 80 பேரைத் தாண்ட முடியாது. அந்த இடத்தில் வருகிறவர்களும் போகிறவர்களும் சமமாகிவிடுவார்கள். நூற்றுக்கு 10 பேர் மட்டுமே போனால் அதே உழைப்பில் 240 பேர் வரை எட்டலாம். ஆண்டுக் கட்டணம் 9,000 ரூபாய் என்றால் முதல் நிலையில் ஆண்டு வருமானம் 7.2 லட்சம், இரண்டாவதில் 21.6 லட்சம். வித்தியாசம் முழுவதும், பழைய வாடிக்கையாளர் மறுபடி பணம் கட்டுகிறாரா என்பதில் இருக்கிறது. கீழே வரும் எல்லாப் படிகளையும் அந்த இரண்டாம் வருடப் புதுப்பிப்பை மனத்தில் வைத்தே வகுத்திருக்கிறேன்.

படி 1: ஒரு தொழில், ஓர் ஊர்

'எல்லாக் கடைக்கும் பில்லிங்' என்று இறங்காதீர்கள். அங்கே டேலி, ஜோஹோ போன்ற பெரிய கணக்கு மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்களுக்கு மாமாவோ, கூடப் படித்தவரோ இருக்கிற ஒரு தொழிலைப் பாருங்கள். சிவகாசி அச்சகம், நாமக்கல் லாரி, ஈரோடு விசைத்தறி என எதுவாகவும் இருக்கலாம். முதல் ஐந்து முதலாளிகளின் மேஜைக்கு உங்களை அழைத்துப்போக ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இந்தச் செய்முறைக்குத் திருப்பூரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு நடுத்தர பனியன் கம்பெனி எல்லா வேலையையும் தன் கூரைக்குள் செய்வதில்லை. நூல் நிட்டிங்குக்கு (பின்னலுக்கு) போகும். துணியாகி வந்தது சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங் (துணியின் சுருக்கத்தைச் சீராக்குவது), பிறகு கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங். இவற்றில் பலவும் வெளியே ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாக நடக்கும். ஒவ்வொரு முறை சரக்கு வாசலைத் தாண்டும்போதும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகும் சீட்டு, போடுவார்கள். போன சரக்கும் வந்த சரக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நம் மென்பொருளின் ஒரே வேலை.

ஒரே ஊர், ஒரே தொழில் என்பதில் இன்னொரு நன்மை உண்டு. முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒருவர் திருப்தியானால் அடுத்தவரிடம் அவரே சொல்வார். விளம்பரச் செலவு அநேகமாக இராது.

படி 2: நோட்டைப் பாருங்கள்

இந்தப் படிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். 'உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?' என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். அதைவிட, கணக்குப் பார்க்கும் தம்பியின் பக்கத்தில் ஒரு நாள் முழுவதும் உட்காருங்கள். கார்பன் வைத்த டிசி புத்தகம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய கிலோ, 'பாக்கி' என்று வட்டமிட்ட வரி, தனியாக ஒரு நீளமான நோட்டு எல்லாவற்றையும் பாருங்கள். அனுமதி கேட்டு நாலு பக்கம் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கண்ணில் படுகிற விஷயம் இது. நூறு கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போனால் நூறு கிலோ திரும்பாது. சாயமேற்றும்போது எடை குறையும். எவ்வளவு குறைந்தால் நியாயம், எவ்வளவு குறைந்தால் கேட்க வேண்டும் என்பதில்தான் தகராறு வரும். அதோடு ஒரே டிசியில் போன சரக்கு மூன்று தவணையாகத் திரும்பும். இரண்டாவது தவணைக்கும் மூன்றாவது தவணைக்கும் நடுவே புதிய லாட் (சரக்குத் தொகுதி) ஒன்று போய்விடும். மாதக் கடைசியில் எது எதனுடைய பாக்கி என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தால் போதும், உங்கள் மென்பொருளுக்குக் காசு கொடுப்பார்கள்.

சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கிறது. ஜிஎஸ்டி விதிப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். ஜாப் ஒர்க் விவரங்களை ஐடிசி-04 படிவத்தில் தர வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் என்றால் வருடத்துக்கு ஒருமுறை. டிசி எல்லாம் உங்கள் மென்பொருளில் இருந்தால் அந்தப் படிவத்துக்கான விவரம் ஒரு சொடுக்கில் தயாராகும். பதினோராவது மாதத்தில் எச்சரிக்கையும் கொடுக்கலாம்.

திரையில் கட்டங்களை அவர்களுடைய டிசி புத்தகத்தில் இருக்கும் அதே வரிசையில் வையுங்கள். பழகிய கை தயங்காமல் போக வேண்டும்.

படி 3: எழுதும் முன் விலை

நாலைந்து திரைகளைத் தாளிலோ, கணினியில் வெறும் படமாகவோ வரைந்து, நீங்கள் உட்கார்ந்து பார்த்த கம்பெனிகளுக்கே எடுத்துப் போங்கள். விலையைச் சொல்லுங்கள். முதல் ஆண்டுக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். குறித்த தேதிக்குள் தராவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதியே கொடுங்கள். 'நல்ல ஐடியா தம்பி, முடித்துவிட்டு வாருங்கள்' என்பது வாக்குறுதி ஆகாது. மூன்று பேராவது முன்பணம் தந்தால் எழுதத் தொடங்குங்கள். ஒருவரும் தராவிட்டால் முடிச்சைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். மறுபடி நோட்டுக்குப் போங்கள்.

மென்பொருளை எழுத ஆகும் நேரத்தைக் கொண்டு விலையை நிர்ணயிக்காதீர்கள், அவர்கள் இழப்பதைக் கொண்டு நிர்ணயியுங்கள். ஒரு லாட்டில் 20 கிலோ குறைவு கவனிக்கப்படாமல் போனால், கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 8,000 ரூபாய் போயிற்று. அதற்கு முன்னால் ஆண்டுக்கு 9,000 ரூபாய் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

'முதலில் இலவசம், பிறகு கட்டணம்' என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இணைய முகவரிகளைச் சேமித்து வைக்க டெலிஷியஸ் என்றொரு இலவசச் சேவை இருந்தது. 2005இல் யாகூ அதை வாங்கியது. பிறகு பல கைகள் மாறியது. 2009இல் தொடங்கிய பின்போர்டு என்ற சேவை அதே வேலையைச் செய்தது; மாச்சே செக்லாவ்ஸ்கி என்பவர் அதைக் கட்டணம் வாங்கி நடத்தினார். 2017இல் அவரே டெலிஷியஸை 35,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார். பின்போர்டும் முதலில் ஒரே ஒரு முறை கட்டணம் வாங்கியது, பிறகுதான் புதியவர்களுக்கு ஆண்டுக் கட்டணத்துக்கு மாறியது. நீங்கள் முதல் நாளிலிருந்தே ஆண்டுக் கட்டணமாக வையுங்கள். 'ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுவதும்' என்று விற்றால், ஐந்தாம் வருடம் பழையவர்களின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லவே புதிய விற்பனையைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

படி 4: முதல் பதிப்பு

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். ஒரு சர்வர், ஒரு தரவுத்தளம் போதும். இந்த அளவுக்கு போஸ்ட்கிரஸோ எஸ்கியூலைட்டோ தாராளம். டிசி போடுவது, வரவு வைப்பது, பாக்கிப் பட்டியல், அச்சிடுவது ஆகிய நான்கும், கணக்கைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியும் மட்டும் முதல் பதிப்பில் இருக்கட்டும். கணக்குப் புத்தகத்துக்குள் நுழையாதீர்கள். ஆடிட்டர் டேலியில்தான் பார்ப்பார். டேலி எக்ஸ்எம்எல் கோப்பை உள்ளே ஏற்கும், ஆகவே அந்த வடிவில் ஏற்றுமதி கொடுத்துவிட்டால் ஆடிட்டரே உங்களைப் பரிந்துரைப்பார்.

படி 5: பதிவும் வரியும்

தனிநபர் உரிமையாளராகவே தொடங்கலாம், கம்பெனி பதிவு இப்போதைக்கு வேண்டாம். தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவும் தொழில் பணமும் கலக்கவே கூடாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். அதற்குக் கட்டணமே கிடையாது, கட்டணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதற்கு முன்பே தானாகப் பதிவு செய்யவும் இடமுண்டு. உங்கள் வாடிக்கையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்ற கம்பெனிகள் என்றால் முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. 9,000 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்து 10,620 ரூபாய்க்கு பில் போடுவீர்கள், அதில் 1,620 ரூபாயை அவர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சுமை இல்லை, உங்கள் பில்லுக்கும் மதிப்பு கூடும். கணக்குத் தாக்கல் மட்டும் நாள் தவறக் கூடாது. மாதம் சிறு தொகை கொடுத்து ஒரு வரி ஆலோசகரிடம் விட்டுவிடுங்கள்.

படி 6: வசூல்

மாதக் கட்டணம் வேண்டாம். கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டில் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவிப்பு போகும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் தவறும், தவறியவரை மாதாமாதம் துரத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே, வங்கி க்யூஆர் அட்டையிலோ நெஃப்ட்டிலோ வாங்கிவிடுங்கள்.

புதுப்பிப்புத் தேதியை எல்லோருக்கும் ஏப்ரல் மாதத்தில் வையுங்கள். நடுவில் சேர்ந்தவர்களுக்கு மீதி மாதங்களுக்கு மட்டும் முதல் பில். ஏப்ரல் 1 அன்று டிசி எண் வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், பழைய பாக்கிக் கிலோக்கள் புதிய ஆண்டுக்கு வர வேண்டும். உங்கள் மென்பொருள் எவ்வளவு பயன்படுகிறது என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும் நாள் அது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போய்க் கேட்காதீர்கள். போனஸ் கொடுக்கப் பணம் திரட்டிக்கொண்டிருக்கும் நேரம்.

படி 7: பேக்கப்

ஒரு முதலாளியின் பாக்கிக் கணக்கை நீங்கள் தொலைத்தால் மன்னிப்பு கிடையாது, கிடைக்கவும் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பாடுகள் இருந்தும் அவை கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப், தரவுத்தளப் பதிப்புக்குப் பொருந்தாத பழைய கருவியால் ஓடி, தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் யாரையும் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

ஆகவே இதை இப்படிச் செய்யுங்கள். தினமும் இரவு பேக்கப், அதன் நகல் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அந்த நகலைப் புதிய சர்வரில் ஏற்றி, ஒரு வாடிக்கையாளரின் பாக்கிப் பட்டியல் சரியாக வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பேக்கப் தவறினால் மின்னஞ்சல் வரும் என்று நம்பியிருக்காமல், வெற்றி பெற்றால் தினமும் ஒரு செய்தி வரும்படி வையுங்கள். செய்தி வராத காலையில் எழுந்ததும் கவனிக்கலாம்.

படி 8: தொலைபேசி

திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். அன்றைக்குக் கணக்கெல்லாம் முடிய வேண்டும், எல்லோரும் பரபரப்பில் இருப்பார்கள். வெள்ளி, சனியில் புதிய பதிப்பு எதையும் ஏற்றாதீர்கள். செவ்வாய் காலை உகந்தது. உங்கள் ஊரின், உங்கள் தொழிலின் 'சனிக்கிழமை' எது என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

'எங்களுக்கு மட்டும் இதைச் சேர்த்துக் கொடுங்கள்' என்று கட்டாயம் கேட்பார்கள். மூன்று கம்பெனிகள் கேட்டால் சேர்க்கலாம். ஒருவர் மட்டும் கேட்டால், எவ்வளவு பணம் தந்தாலும், பணிவாக மறுத்துவிடுங்கள். அவருக்கென மென்பொருளின் தனிப் பதிப்பாக ஒரு கிளை உண்டானால் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு முறை சோதிக்க வேண்டிவரும். பத்துக் கிளைகள் ஆனால் உங்கள் தொழில் கூலி வேலையாகிவிடும்.

அழைப்புகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்தால் திரையில்தான் கோளாறு. அதைத் திருத்தினால் அந்த அழைப்புகள் நின்றுவிடும். தனி ஆளாக இருநூறு கம்பெனிகளைத் தாங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

படி 9: புதுப்பிப்பும் அதற்கு அப்பாலும்

பிப்ரவரியில் ஒரு பட்டியல் எடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் ஒரு டிசியும் போடாத கம்பெனிகள் எவை? அவர்கள்தான் ஏப்ரலில் கட்டாமல் விடப் போகிறவர்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல் நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மென்பொருளைப் பழகிய தம்பி வேலையை விட்டுப் போயிருப்பார், புதிதாக வந்தவர் பழைய நோட்டுக்குத் திரும்பியிருப்பார். அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அந்தக் கம்பெனி தங்கிவிடும்.

விட்டுப் போகிறவர்களைத் தடுக்காதீர்கள். எல்லாக் கணக்கையும் எக்செல் கோப்பாக அவர்களே இறக்கிக்கொள்ளும் பொத்தானை முதல் பதிப்பிலேயே வைத்துவிடுங்கள்.

'உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் கணக்கு என்னாகும்?' என்று ஒரு முதலாளி ஒருநாள் கேட்பார். நியாயமான கேள்வி. சர்வர், டொமைன், வங்கி, பேக்கப் ஆகியவற்றின் விவரங்களையும், மென்பொருளை நிறுத்தாமல் ஒரு மாதம் ஓட்டுவதற்கான குறிப்புகளையும் எழுதி, நீங்கள் நம்பும் இன்னொரு நிரலரிடம் கொடுத்து வையுங்கள். அவருடைய மென்பொருளுக்கு நீங்களும் அதே பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு வாரம் விடுமுறை எடுத்து, அந்த வாரத்து அழைப்புகளை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பில் எது விடுபட்டிருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் அதை எழுதிச் சேர்த்துவிட்டு, அந்த முதலாளிக்குப் பதில் சொல்லுங்கள்.