டெக்சாஸில் அபராதத்தைத் தவணையில் கட்டினேன்

வேலை போன நேரம் பார்த்து, வேகமாக ஓட்டியதற்கான அபராதமும் வந்து சேர்ந்தது. டெக்சாஸில் ஊர் எல்லைக்குள் நகரக் காவலர் பிடித்தால், பெரும்பாலும் இதை விசாரிப்பது நகர நீதிமன்றம். மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இல்லை.

"பேசாமல் விடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் ஒரு நண்பர். இருப்பதிலேயே மோசமான யோசனை அதுதான். கெடு தாண்டி 60 நாள் ஆனால் பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போய், 30 சதவீதம் கூடிவிடலாம். பல ஊர்களில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவும் தடை விழும், வாரண்டும் வரலாம்.

கெடுவுக்கு முன்பே நீதிமன்றக் கவுண்டருக்குப் போனேன். வருமானம், வாடகை, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு படிவம். வேலைநீக்கக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்தேன். நீதிபதி மாதத் தவணை போட்டுக் கொடுத்தார். தீர்ப்பாகி 31 நாளிலும் பாக்கி இருந்தால் 15 டாலர் கூடுதல். வசதி உள்ளவர் கட்ட வேண்டியிராத காசு இது, எனக்கு உறுத்தல்தான்.

நடுவில் ஒரு தவணைக்குப் பணம் புரளவில்லை. தேதிக்கு முன்பே போய்ச் சொன்னதால் மீதியைச் சமூக சேவையாக மாற்றினார்கள். 8 மணி நேர வேலைக்குக் குறைந்தது 100 டாலர் கழியும். உணவு வங்கியில் டப்பாக்களை அடுக்கினேன், முதுகு வலித்ததுதான் மிச்சம்!

சிறை பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பணமில்லாத ஒரே காரணத்துக்காக அபராதத்தைச் சிறைத் தண்டனையாக மாற்றக் கூடாது என்று 1971இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் டேட் எதிர் ஷார்ட் வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் ஹூஸ்டன் போக்குவரத்து அபராத வழக்குதான்.

எல்லாம் முடிந்ததும் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.