கெய்கர் கவுண்டரை வைத்துக் கதிர்வீச்சை அளப்பது எப்படி?

கவுண்டர் கைக்கு வந்ததும் எதன் அருகிலும் நீட்டாதீர்கள். மேஜையில் வைத்து, பத்து நிமிடம் சும்மா எண்ணவிடுங்கள். கல்லூரி லேப்பில் என்னிடம் வரும் பிள்ளைகளை நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். விண்ணிலிருந்து வருவது, சுவரிலும் தரையிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என எல்லாம் சேர்ந்து டிக் டிக் என்று கேட்கும். இந்தப் பின்னணி எண்ணிக்கை தெரியாமல் அடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

கவுண்டரின் உணர்பாகம் ஒரு டியூப். அதற்குள் குறைந்த அழுத்தத்தில் வாயு, நடுவே மெல்லிய கம்பி, அதில் சுமார் 400 வோல்ட். நுழையும் கதிர் ஒரு எலக்ட்ரானைப் பிய்த்துவிட்டால் போதும். அது கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மேலும் பலவற்றைப் பிய்க்க, ஒரு மின்துடிப்பு உண்டாகும். வந்த கதிரின் ஆற்றல் எவ்வளவு என்று இதில் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே தெரியும்.

இனி கதிர் வரும் ஒரு பொருளை அளப்போம்: பொட்டாசியம் குளோரைடு உப்பு. அதன் ஒரு கிராமில் நொடிக்குச் சுமார் 16 அணுக்கள் சிதைகின்றன. மெல்லிய பாலித்தீன் உறையில் போட்டு, டியூபை ஒட்டி வையுங்கள். பின்னணி நிமிடத்துக்கு 25, உப்புடன் 34 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிமிடம் எண்ணினால் வித்தியாசம் 9. இரு எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் பிழை, அதாவது எண்ணிக்கை தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, ஏறக்குறைய 8. இதை நம்பவே கூடாது. பத்து நிமிடம் எண்ணினால் 250, 340. வித்தியாசம் 90, பிழை 24. இப்போது தைரியமாகச் சொல்லலாம், உப்பிலிருந்து கதிர் வருகிறது என்று. பொறுமைதான் இங்கே கருவி!

இடையில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைச் செருகுங்கள். எண்ணிக்கை பின்னணிக்கு அருகில் இறங்கிவிடும். இந்தத் தகடு பீட்டாவை, அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான்களை, நிறுத்திவிடும்; ஊடுருவும் காமாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. வந்ததில் பெரும்பகுதி பீட்டா என்பதற்கு அதுவே சாட்சி.

திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட்டை (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவை) உப்புச் சோதனையில் கண்டுகொள்ளாதீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் காமாவுக்குப் பொருத்தி வைத்தது, பீட்டாவுக்குச் செல்லாது.

குமரி மாவட்டத்துக்காரர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கும் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள மோனசைட் மணலில் தோரியம் உண்டு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஓர் அளவு, மணலுக்குச் சற்று மேலே இன்னொன்று, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். கவுண்டரைப் பாலித்தீன் பைக்குள் போட்டே பிடியுங்கள். டியூபில் மணல் ஒட்டிக்கொண்டால், வீட்டில் எடுக்கும் பின்னணி அளவும் கெட்டுப்போகும்.