லாகின் லைப்ரரியை ஜாவாவிலிருந்து கோட்லினுக்கு மாற்றுவது எப்படி?

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு கே அழுத்தினால் ஜாவா கோப்பு கோட்லினாகிவிடும். அது வேலையில் கால்வாசிகூட இல்லை. லைப்ரரியை இன்னும் ஜாவாவிலிருந்து அழைப்பவர்களின் பில்டு உடையாமல் பார்ப்பதில்தான் நேரம் போகும். அதனால் பொது மெத்தடுகள் எல்லாவற்றையும் அழைக்கும் சின்ன ஜாவா மாட்யூல் ஒன்றை முதலிலேயே எழுதி, ஒவ்வொரு கோப்பை மாற்றியதும் கம்பைல் செய்து பாருங்கள்.

கோப்பின் பெயரை மாற்றுவது ஒரு கமிட், உள்ளே மாற்றுவது இன்னொன்று. சேர்த்துப் போட்டால், மாற்றம் பெரிதாக இருக்கும்போது கிட் அதைப் புதுக் கோப்பாக எண்ணும், பழைய வரலாற்றோடு தொடர்பு அறுந்துவிடும்.

அடுத்தது நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை. எது நல் ஆகலாம், எது ஆகாது என்று ஜாவா கோப்பிலேயே குறித்துவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் கன்வெர்ட்டர் ஊகிக்கும். லாகின் அனுமதிக்கான ஓஆத் 2.0 விதிப்படி, புது அக்சஸ் டோக்கன் வாங்க உதவும் ரிஃப்ரெஷ் டோக்கனை சர்வர் அனுப்பியே ஆகவேண்டும் என்றில்லை. அதைக் கேள்விக்குறி இல்லாத, அதாவது நல் ஆக முடியாத ஸ்டிரிங்காக வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஜேசனைப் படிக்கும் ஜிசான் லைப்ரரி கோட்லினின் நல் சோதனையைக் கண்டுகொள்ளாமல் நல்லை உள்ளே போட்டுவிடும். ஆப் வேறெங்கோ போய் விழும், காரணம் தேடியே பொழுது போகும்.

டோக்கனுக்கு டேட்டா கிளாஸ் வேண்டாம். அதன் டுஸ்ட்ரிங் (பொருளை எழுத்தாக்கும் மெத்தடு) எல்லா மதிப்பையும் அப்படியே அச்சிடும். யாரோ ஒருவர் போட்ட ஒரு லாக் வரியில் அக்சஸ் டோக்கன் ஆண்ட்ராய்டின் லாகான லாக்கேட்டுக்குப் போய்விடும். சாதாரண கிளாஸே போதும். டுஸ்ட்ரிங்கை நீங்களே எழுதி, காலாவதி நேரத்தை மட்டும் காட்டுங்கள்.

ஸ்டாட்டிக் மெத்தடுகள் கிளாஸின் கம்பேனியன் ஆப்ஜெக்டுக்குள் போகும், ஜாவாவிலிருந்து பழையபடி அழைக்க அவற்றுக்கு ஜேவிஎம்ஸ்டாட்டிக் குறி போடுங்கள். ஐஓ எக்ஸெப்ஷன் எறியும் மெத்தடுக்கு த்ரோஸ் குறி இல்லாவிட்டால், அதைப் பிடிக்கும் ஜாவா கோடு கம்பைலே ஆகாது. கோட்லினில் கிளாஸ்கள் தாமாகவே ஃபைனல். யாராவது எக்ஸ்டெண்ட் செய்திருந்தால் ஓபன் போட வேண்டும்.

த்ரெட்டை முடக்காமல் காத்திருக்க உதவும் கோரூட்டின் கடைசியில். பழைய கால்பேக்கை எடுக்காமல், பக்கத்திலேயே சஸ்பெண்ட் மெத்தடைச் சேருங்கள்.

டோக்கன் புதுப்பிக்கும் இடத்தில் மட்டும் நிதானம் தேவை. சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் சஸ்பெண்ட் மெத்தடை அழைக்க முடியாது, கோரூட்டினுக்கான பூட்டான மியூடெக்ஸ் வேண்டும். ஐந்து கோரிக்கைகள் ஒன்றாக 401 (அனுமதி இல்லை என்ற பதில்) வாங்கி வந்தால், பூட்டைப் பிடித்ததும் ஒவ்வொன்றும் முதலில் சேமித்த டோக்கனைப் பார்க்க வேண்டும்: தான் அனுப்பியதிலிருந்து மாறியிருந்தால், முன்னால் வந்தது புதுப்பித்துவிட்டது என்று பொருள், சர்வருக்குப் போகாமல் அதையே எடுத்துக்கொள்ளலாம். பூட்டுக்குள்ளிருந்து அதே பூட்டை மறுபடி கேட்கும் மெத்தடை அழைக்காதீர்கள். ஜாவாவின் சிங்க்ரனைஸ்டு அதை அனுமதிக்கும். மியூடெக்ஸ் அனுமதிக்காது, லாகின் திரை சுற்றிக்கொண்டே நிற்கும், எரர்கூட வராது.