துறைமுகக் கால்வாயைப் படகில் கடப்பது எப்படி?

துறைமுகக் கால்வாயில் வரும் கப்பல் உங்களுக்காக விலகாது, விலகவும் முடியாது. ஆழம் தோண்டிய பாதையை விட்டு நகர்ந்தால் அது தரை தட்டிவிடும். திறந்த கடலில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடும் விதி இங்கே உங்களுக்குக் கைகொடுக்காது. குறுகிய கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைவான படகும், மீன்பிடிக்கும் எந்தப் படகும் கப்பலை மறிக்கக்கூடாது என்கிறது சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதி 9.

கடக்கும் முன் கணக்குப் போடுங்கள். 10 நாட் வேகத்தில் (மணிக்கு 10 கடல்மைல்; ஒரு கடல்மைல் 1.85 கிலோமீட்டர்) வரும் கப்பல் நிமிடத்துக்கு 300 மீட்டருக்கு மேல் ஓடும். 250 மீட்டர் அகலக் கால்வாயை 5 நாட் வேகத்தில் கடக்க உங்களுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கப்பல் 500 மீட்டர் நெருங்கிவிடும். பெரிய கப்பலின் அணியத்துக்கு (முன்முனைக்கு) முன்னால் இன்னொரு 500 மீட்டர் வரை இருக்கும் படகு, கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே கப்பல் ஒரு கடல்மைலுக்குள் வந்துவிட்டால் நில்லுங்கள், அது போனபின் அமரத்துக்கு (பின்முனைக்கு) பின்னால் கடந்து செல்லுங்கள். அணியத்துக்கு முன்னால் பாய்ந்து போவது வீரம் அல்ல. நடுவில் எஞ்சின் நின்றால் தப்ப வழியில்லை.

எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் எரிபொருளும் கயிறும்தான் காரணம். கால்வாய்க்கு வெளியிலேயே டேங்கைப் பாருங்கள், வலையையும் கயிற்றையும் உள்ளே இழுத்துவிடுங்கள். பிறகு கால்வாய்க்கு நேர்க்குத்தாகக் கடந்து செல்லுங்கள். சாய்வாகப் போனால் பாதைக்குள் இருக்கும் நேரம் கூடும். அப்படியும் எஞ்சின் நின்றுவிட்டால் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் (அவசர அழைப்புக்கானது) படகின் பெயரையும் இடத்தையும் சொல்லிவிட்டு, துடுப்பாலோ பக்கத்துப் படகின் இழுவையாலோ ஓரம் சேருங்கள். நட்ட நடுவில் நங்கூரம் போடுவது கப்பல் வரும் வழியிலேயே கட்டிப்போட்டதாகும்.

மோதல் வருமா என்று அறிய, படகின் ஒரு கம்பத்தை ஒட்டிக் கப்பலைப் பாருங்கள். உங்கள் திசையும் வேகமும் மாறாதிருக்க, அது அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே போனால் மோதல் உறுதி. ஆனால் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட் ஏறும் இடத்தருகில் இதை நம்பாதீர்கள், அங்கே கப்பல்கள் வேகம் குறைத்துத் திரும்பும். கப்பலுக்குக் கப்பலே தப்பாத இடம் அது: 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, புறப்பட்ட எரிவாயுக் கப்பலும் உள்ளே வந்த எண்ணெய்க் கப்பலும் மோதி, சென்னைக் கரை வரை எண்ணெய் படிந்தது.

கால்வாயை ஒட்டியே போக வேண்டுமானால், ஆழம் போதுமான இடத்தில் போயாக்களுக்கு (பாதையைக் காட்டும் மிதவைகளுக்கு) வெளியே ஓடுங்கள். உள்ளே போயே ஆகவேண்டுமென்றால் வலது ஓரம். துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்புப் போயா இடப்பக்கம், பச்சை வலப்பக்கம்.

இரவில் கப்பலின் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, இரண்டு வெள்ளை விளக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால், அது நேரே உங்களை நோக்கி வருகிறது. செங்குத்தாக மூன்று சிவப்பு என்றால் ஆழம் போதாததால் பாதையை விட்டு விலக முடியாத கப்பல், முற்றிலும் விலகிவிடுங்கள். உங்கள் தளத்து ஃபோகஸ் லைட்டை அணைத்துவிடுங்கள். அது உங்கள் பக்க விளக்கை மறைக்கும், உங்கள் கண்ணையும் கூசவைக்கும்.

இழுவைக் கப்பலுக்கும் அது இழுத்துவரும் பார்ஜுக்கும் (தட்டையான சரக்குப் படகுக்கும்) நடுவே இடம் இருப்பதாகத் தோன்றும், அங்கே நீரடியில் வடம் ஓடுகிறது.

ஐந்து குறுகிய ஊதல் கேட்டால், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கப்பலுக்குப் புரியவில்லை. அப்போது சிறிது சிறிதாகத் திருப்பாமல், அது கண்டுகொள்ளும்படி ஒரேயடியாகத் திரும்பி விலகுங்கள்.