பச்சைப் பிள்ளை ராத்திரி நீளமாகத் தூங்க, பகலில் செய்ய வேண்டியவை

பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டாவது வாரத்திலேயே ஒரு புலம்பல் ஆரம்பித்துவிடும்: "பகலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது, ராத்திரியானா முழிச்சுக்கிட்டு உயிரை எடுக்குது." ராத்திரியில் என்ன செய்யலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் பகலில்தான் இருக்கிறது. காலை எண்ணெய்க் குளியலுக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் நடுவில் தேடிப் பார்த்தால் கிடைத்துவிடும்.

அதற்கு முன், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாக, இரண்டிலிருந்து நாலு மணி நேரம் வரைதான். இரைப்பை சிறிது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்பது இயல்பு. பகல் எது, இரவு எது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஒழுங்காகச் சுரக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். வயிற்றுக்குள் இருந்தபோது அம்மா நடமாடிய பகலெல்லாம் ஆடி ஆடித் தூங்கி, அவள் படுத்த பிறகு முழித்துக் கிடந்த பிள்ளை, வெளியே வந்தும் அதே கணக்கில்தான் இருக்கும். ஆறாவது வாரம் வாக்கில் இரவில் ஒரு தூக்கமாவது மூன்று, நாலு மணி நேரத்துக்கு நீளும். மூன்றாம் மாதத்தில் பல குழந்தைகள் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கும். அந்த வயதுக்கு அதுவே முழு ராத்திரி.

எல்லாக் குழந்தைக்கும் தூக்கத்தை நீட்டப் பார்க்கக் கூடாது. பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் குறைவு, குறைமாதம், மஞ்சள் காமாலை என்றால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பியே பால் கொடுக்க வேண்டும். மற்றக் குழந்தைகளும் முதல் நாட்களில் எடை இறங்கி, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடையைத் திரும்பத் தொடும். அதுவரை பகலில் மூன்று மணி நேரம், இரவில் நாலு மணி நேரம் தாண்டினால் எழுப்புங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். எடையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டும் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

எண்ணெய்க் குளியல் தின்னும் நேரம்

மதுரைப் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் அம்மா காலை பத்து, பதினோரு மணிக்கு வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை காலை உருவி, வெந்நீர் ஊற்றித் துடைத்துக் கொடுத்ததும் வயிறு முட்டப் பால். பிறகு தொட்டில். மூன்று, நாலு மணி நேரம் பிள்ளை அசையாது. பிள்ளை பெற்றவளும் பத்தியச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள், வீடே அமைதியாக இருக்கும். அந்தக் குழந்தை ஒரு நாளில் தூங்கக் கூடிய ஒரே நீளத் தூக்கம் இதுதான். அதை நண்பகலில் செலவழித்துவிட்டால் ராத்திரிக்கு எங்கிருந்து வரும்?

வழி இரண்டு. முதலாவது, குளியலைச் சாயங்காலம் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே மாற்றுவது. தொப்புள் கொடி விழுந்த பிறகு, முழங்கை முட்டியில் ஊற்றிப் பார்த்தால் இதமாக இருக்கும் சூட்டில், ஐந்தே நிமிடத்தில் குளிப்பாட்டித் துடைத்துவிட வேண்டும். "சாயங்காலம் குளிப்பாட்டினா சளி பிடிக்கும்" என்று அம்மாச்சி மறுத்தால் சண்டை வேண்டாம். காலையில் குளியல் நடக்கட்டும். சாயங்காலம் வெதுவெதுப்பான ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, பத்து நிமிடம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாலும் அதே பலன்தான்.

இரண்டாவது வழி, குளியல் காலையிலேயே இருந்தாலும் அதற்குப் பிந்தைய தூக்கத்தை இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கலைப்பது. தூங்குகிற பிள்ளையை எழுப்பவே கூடாது என்பார்கள். பகலுக்கு அந்த விதி கிடையாது. பாதத்தில் சுண்டி எழுப்ப வேண்டியதில்லை. போர்த்திய துணியை விலக்குங்கள், லங்கோட்டை மாற்றுங்கள், உள்ளங்காலில் ஈரத்துணியால் துடையுங்கள், சட்டையில்லாமல் அம்மாவின் மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். பெரும்பாலும் இதிலேயே வாய் தேட ஆரம்பிக்கும். இப்படிப் பகலில் இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை பால் இறங்கினால், இரவில் கேட்பது தானாகக் குறையும்.

குளியலோடு வரும் மூன்று பழக்கங்களை மட்டும் விட்டுவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது (நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்), மூக்கை ஊதிவிடுவது, சாம்பிராணிப் புகை. தலைமுடி காய நல்ல துண்டே போதும்.

முழித்திருக்கும் நேரத்தில் ஜன்னலோரம், திண்ணை, வெளிச்சமான கூடம் என்று வைத்திருங்கள். மிக்ஸி ஓடட்டும், குக்கர் விசிலடிக்கட்டும். ஆனால் இந்த வயதில் பாலோடு சேர்த்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைதான் முழித்திருக்கத் தாங்கும். கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்வது, புருவம் சிவப்பது ஆகியவை தூக்கத்துக்கான அடையாளம். அதைத் தாண்டி, "நல்லா களைச்சாத்தான் ராத்திரி தூங்கும்" என்று விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் வீறிட்டு அழுமே தவிரத் தூங்காது.

சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து வரை

இந்த நேரத்தில் பல குழந்தைகள் அரை மணிக்கொரு தரம் பால் கேட்கும். நீளத் தூக்கத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் வேலை அது. ஆறாவது வாரம் வரை மாலை அழுகை கூடி, பிறகு இறங்கும். இங்கேதான் யாராவது ஒருவர் "பால் பத்தல, டப்பாப் பால் வாங்கிட்டு வாங்க" என்பார். சிறுநீரும் எடையும் சரியாக இருந்தால் பால் பற்றுகிறது என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

இன்னொரு தொல்லை, பிள்ளை பார்க்க வருகிறவர்கள். வேலை முடித்து ஏழு, எட்டு மணிக்கு வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் ஆளாளுக்குக் கையில் வாங்கிக் கொஞ்சிவிட்டுப் போன பிறகு பத்து மணிக்கு அந்தக் குழந்தை எப்படி அடங்கும்? பகலில் வரச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

எட்டு மணிக்கு அறையில் டியூப்லைட்டை அணைத்து மஞ்சள் ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியவிடுங்கள். டிவி அடுத்த அறையில் ஓடட்டும். துடைப்பது, உடை, பால், ஏப்பம், படுக்கை என்ற வரிசை தினமும் மாறாமல் இருக்கட்டும். சீரான மின்விசிறிச் சத்தம் நல்லதே செய்யும். ஆடி மாதத்துக் கோயில் ரேடியோ செட்டைப் பற்றி மட்டும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மடியில் தூங்கிய பிள்ளை பாயில் வைத்ததும் முழிப்பது தூக்கிவாரிப் போடுவதால். தலையை முதலில் வைத்தால் விழுவது போல உணர்ந்து இரண்டு கையையும் விரிக்கும். அதனால் முதலில் புட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. வைத்ததும் கையை உருவிவிடாமல், நெஞ்சில் உள்ளங்கையை லேசாக ஒரு நிமிடம் வைத்திருந்து மெதுவாக எடுங்கள்.

நடு இரவில்

பச்சைப் பிள்ளையின் தூக்கத்தில் பாதி, அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம். முக்கும், முனகும், முகம் கோணும், சில சமயம் கண்கூடத் திறக்கும். அம்மா உடனே தூக்கினால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அவளே எழுப்பியதாக ஆகும். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உதட்டைச் சப்பி, கையை வாய்க்குக் கொண்டுபோனால் அது பசி. அழ விடாமல் அப்போதே எடுத்துவிடுங்கள். அழுது ஓய்ந்த பிள்ளையைத் திரும்பத் தூங்க வைக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

துணி லங்கோடு நனைந்த ஒவ்வொரு தடவையும் தூக்கம் கலையும் என்பதால் இரவுக்கு மட்டும் டயப்பர் கட்டலாம். மாற்றுவதானால் பால் கொடுக்கும் முன்போ, ஒரு மார்பு முடிந்து அடுத்ததற்கு மாறும்போதோ மாற்றுங்கள். குடித்து முடித்துச் சொக்கிய பிறகு மாற்றினால் எல்லாம் வீண். பேச்சு, கொஞ்சல், போன் வெளிச்சம் கூடாது. பத்து நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்து, ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும் படுக்க வையுங்கள்.

சேலைத் தொட்டில்

பழைய சுங்குடிச் சேலைக்கு நிகரான துணி இல்லை. நைந்து, மெத்தென்று, காற்றோட்டமாக இருக்கும். ஆனால் தொட்டிலில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். கழுத்து நிற்காத பிள்ளையால் தலையை நிமிர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே பகலில், பெரியவர் ஒருவர் பார்வையில், இரண்டு பக்கத் துணியையும் விலக்கிப் பிடிக்கும் கம்பு போட்டு, சிறிது நேரம் மட்டும். ராத்திரிக்கு வேண்டாம். தூக்கத்துக்கும் அது இடைஞ்சல்தான்: ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கம் மேலோட்டமாகும்போது, ஆட்டிப் பழகிய பிள்ளை ஆட்டம் நின்றதை உணர்ந்து முழித்துவிடும். விடிய விடியக் கயிறு இழுக்க யாரால் முடியும்?

இரவில் கெட்டியான, சமமான படுக்கை, மல்லாந்த நிலை, அம்மா படுக்கும் அதே அறை, கைக்கெட்டும் தூரம். இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், வேண்டாம். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்பார்கள், அதுவும் வேண்டாம். முழித்திருக்கும்போது தினம் சில தடவை, சில நிமிடம் அம்மாவின் நெஞ்சில் குப்புறப் போட்டாலே தலையின் பின்பக்கம் தட்டையாவது குறையும். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி கண்ணயர்வது மிகவும் ஆபத்து. தூக்கம் கண்ணைச் செருகினால் தரையில் விரித்த பாய்க்குப் போய்விடுங்கள். குடித்தவரோ புகைப்பவரோ பக்கத்தில் படுக்கக் கூடாது.

சித்திரை வெயில்

மதுரையில் ஏப்ரல், மே மாத இரவுகளில் பிள்ளை அழுவது பசிக்கு மட்டுமல்ல, புழுக்கத்துக்கும்தான். கை கால் சில்லென்று இருக்கிறதே என்று தொப்பி, சாக்ஸ், கம்பளி எல்லாம் போடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் பிடரி. அங்கே வியர்வை இருந்தால் துணி அதிகம். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், துணியில் பொதிவது கோடையில் வேண்டாம். ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரி, காற்று நேராகப் பிள்ளைமேல் படாமல். கரண்ட் போனால் கைவிசிறி. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலையே கூடுதல் தடவை கொடுங்கள். கொசுவுக்கு வலைதான், சுருளும் புகையும் வேண்டாம்.

தூங்க வைக்கிறேன் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வசம்பு உரைத்துக் கொடுத்தால் வாந்தியும் மயக்கமும் வரலாம். தேனில் போட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய்) கிருமி இருக்கலாம், ஒரு வயது வரை கூடாது. சளி சிரப் கொடுத்துத் தூங்க வைப்பது மூச்சையே மந்தமாக்கும். டப்பாப் பால் கொடுக்கிறவர்கள், கெட்டியாகக் கலந்தால் நீளமாகத் தூங்கும் என்று ஒரு ஸ்பூன் கூட்டிப் போடுவதும் இதே வகைதான். டப்பாவில் போட்ட அளவை மீறக் கூடாது.

நீளத் தூக்கம் எப்போதும் நல்ல செய்தி இல்லை. எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடம்புச் சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினால் விடியும் வரை பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

அம்மாவின் தூக்கத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். பிள்ளையின் முதல் நீளத் தூக்கம் ஒன்பது மணி வாக்கில் தொடங்கும். அவளும் அப்போதே படுத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் வேறு யாருடைய வேலையாவது ஆகட்டும். விடிகாலைப் பால் முடிந்ததும் அம்மாச்சியோ அப்பாவோ பிள்ளையை வாங்கிக்கொண்டால் இன்னும் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்குப் போனதும், படிந்த தூக்கம் ஒரு வாரம் போலக் கலையும். புது இடம், புதுக் குரல். பழைய விரிப்பைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், ஜீரோ வாட் பல்பையும்தான். குளியல் நேரத்தையும் படுக்க வைக்கும் வரிசையையும் அங்கே அப்பத்தாவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.