கேசட்டில் கிடக்கும் படத்தைக் கணினிக்கு ஏற்றுவது

"எல்லாப் படமும்தான் யூடியூப்பில் இருக்கிறதே, இந்தப் பழைய கேசட்டுகளை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று அக்கா கேட்காத தீபாவளி கிடையாது. இருக்கிறதுதான். எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அகலத்திரை டிவியை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியதில் நாயகியின் கொண்டையும் நடனமாடுபவர்களின் பாதமும் போயிருக்கும். மூலைக்கு ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். இரண்டு பாட்டும் ஒரு நகைச்சுவைப் பகுதியும் காணாமல் போயிருக்கும். விஎச்எஸ் கேசட்டின் தரம் மட்டம்தான், மறுக்கவில்லை. குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் தேறும். ஆனால் பல படங்களுக்கு முழுநீளப் பிரதி என்று கைக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

என் சித்தப்பா சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் வீடியோ வாடகைக்கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது மிஞ்சிய பெட்டிகள் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாமான் அறைக்கு வந்து சேர்ந்தன. பகலில் மின்னணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் திருப்புளியும் அலைக்காட்டியும் எனக்குப் பழக்கம். உங்களுக்கு அலைக்காட்டி தேவையில்லை. திருப்புளியும் பொறுமையும் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கேசட்டிலிருந்து எடுப்பது ஒரு வேலை, எடுத்ததைச் சீராக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். எடுக்கும்போது இரைச்சல், கறை, கோடு எல்லாம் உள்ளபடியே வரட்டும். இன்றைக்கு நீங்கள் துடைக்கிற துடைப்பைவிட நல்ல துடைப்பு பத்து வருடம் கழித்து வரும். அப்போது துடைக்காத பிரதி கையில் இருக்க வேண்டும்.

பூஞ்சணம்

நம் ஊர் ஈரப்பதத்தில் கேசட்டின் முதல் எதிரி இதுதான். கேசட்டின் சின்னக் கண்ணாடிச் சன்னலை வெளிச்சத்தில் பிடித்து, சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பைப் பாருங்கள். ஒரே சீராகக் கறுத்துப் பளபளத்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரிப் படலமோ தெரிந்தால் அதை டெக்கில், அதாவது கேசட்டை ஓட்டும் கருவியில், போடவே கூடாது. போட்டால் அந்தப் பொடி டெக்கின் தலையில் (நாடாவைப் படிக்கும் பாகத்தில்) அப்பி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.

பூஞ்சணம் பிடித்த கேசட்டை, காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் வையுங்கள். ஈரம் வற்றினால் பூஞ்சணம் உலர்ந்து பொடியாகும், துடைப்பது சுலபம். துடைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். கதவடைத்த குளிரூட்டிய அறையில் செய்யாதீர்கள், அவ்வளவும் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். சமையலறைச் சன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டுச் செய்வது என் வழக்கம்.

கேசட்டின் அடியில் ஐந்து திருகாணிகள் இருக்கும். கழற்றி, மேல்மூடியைத் தூக்கியதும் முதல் வேலையாகக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போகிறது என்று அப்புறம் நினைவிருக்காது. நூல் உதிராத துணியை நாடாவின் இரு பக்கமும் தொடும்படி லேசாகப் பிடித்து, சுருளைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். துணி அழுக்கானதும் மாற்றுங்கள். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் உருளைக்கும் டெக்கின் தலைக்கும்தான், நாடாவைத் துடைக்க உலர்ந்த துணியே போதும். துடைத்த சுருள்களைப் பழைய கூட்டில் திரும்ப வைக்காதீர்கள். ஒன்றுக்கும் உதவாத வேறு கேசட்டின் சுத்தமான கூட்டுக்கு மாற்றுங்கள். ஒட்டுத்தாளை மட்டும் பத்திரமாகப் பெயர்த்தெடுங்கள், அல்லது படம் எடுத்து வையுங்கள்.

கேசட்டை அடுப்பில் வைத்து இளஞ்சூட்டில் வாட்டச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது பசை கசிந்து ஒட்டிக்கொள்ளும் சில பழைய ஒலிநாடாக்களுக்கான வைத்தியம். பூஞ்சணத்துக்கு அது மருந்தில்லை. கேசட்டைத் துடைத்து முடித்த கையோடு, புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு அருகில் வைத்து, ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றிய கேசட்டுகளை அலமாரியில் புத்தகம் நிறுத்துவதுபோல் நிறுத்தி வையுங்கள்.

டெக்கும் கம்பியும்

டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி எல்லாமே பழசுதான். சுங்கை ரோடு சந்தையும் 2017இல் மூடியாயிற்று, இப்போது பழைய பொருள் விற்கும் கேரசல் இணையச் சந்தைதான் கதி. வாங்குமுன் கேசட் ஓடும்போது எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். "வேலை செய்கிறது" என்றால் விளக்கு எரிகிறது என்று மட்டுமே அர்த்தமாக இருக்கலாம். ஜப்பானிலிருந்து வந்த டெக் அழகாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அது 100 வோல்ட் மின்சாரத்துக்கானது, நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் வரும். அதோடு அங்கே வண்ணப் படத்துக்கு என்டிஎஸ்சி என்ற முறை, இங்கே ஓடிய கேசட்டுகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற வேறு முறை.

விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகையான எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் விடாதீர்கள். உங்களிடம் இருப்பது சாதாரண விஎச்எஸ் கேசட்டாக இருந்தாலும் சரி, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வெளியே தரும் எஸ்-வீடியோ துளை அதில் இருக்கும். மஞ்சள் கம்பியில் இரண்டும் கலந்து, பிறகு பிரிந்து, கோடு போட்ட சட்டையில் வானவில் மின்னும். பானசோனிக் என்வி-எஃப்எஸ்200 போன்ற சிலவற்றில் கோடுகளை நேராக்கும் சுற்றும் உள்ளேயே உண்டு. நாடா இழுபட்டிருந்தால் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்கும், வாசல் நிலையும் தூணும் நெளியும். அந்த நெளிவை அந்தச் சுற்று எடுத்துவிடும். அப்படிப்பட்ட டெக் கிடைக்காவிட்டால், பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 என்ற பழைய டிவிடி ரெக்கார்டரை டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் வையுங்கள். பதிவுசெய்ய வேண்டாம், படம் அதன் வழியாகக் கடந்துபோனாலே நெளிவு பெருமளவு அடங்கும்.

கணினியில் பதிவுசெய்ய வெர்ச்சுவல்டப் மென்பொருள், அளவு 720க்கு 576, வினாடிக்கு 25 ஃபிரேம், இழப்பில்லாத ஹஃப்ஒய்யூவி வடிவம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் தின்னும். இரண்டரை மணிநேரப் படத்துக்கு 80, 90 ஜிபி இடம் ஒதுக்குங்கள். எடுத்தவுடனே சுருக்கித் தரும் மலிவு யுஎஸ்பி கருவிகள் வேண்டாம். கேசட்டின் இரைச்சலைச் சுருக்கியே அவை களைத்துப்போகும், முகத்துக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

பதிவைத் தொடங்குமுன் வெளிச்சத்தைச் சரிபாருங்கள். இதற்கு நான் தேடும் இடம் வெயிலில் வெள்ளை வேட்டியோடு யாராவது நிற்கும் காட்சி. வேட்டியின் மடிப்பு தெரிகிறதா? வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிந்தால், படத்தைக் கணினிக்குத் தரும் பதிவுக் கருவியின் வெளிச்சத்தைக் குறையுங்கள். எடுக்கும்போது வெந்துபோன வெள்ளையை அப்புறம் யாராலும் மீட்க முடியாது. பழைய கேசட்டில் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மந்தமாக இருந்தால், டெக்கின் ஒலித்தலைச் சாய்வுத் திருகைச் சற்றே திருப்பி, ஜாலரா தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். தொடங்கிய இடத்தை மையால் குறித்துக்கொண்டு திருப்புங்கள்.

துணிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விஎச்எஸ்-டிகோட் என்ற திறந்த மென்பொருள், டெக்கின் தலை நாடாவிலிருந்து படிக்கும் மூல அலையையே பதிந்து, படமாக்கும் வேலை முழுவதையும் கணினியில் செய்கிறது. டெக்கைத் திறந்து கம்பி பற்றவைக்க வேண்டும்.

இது எத்தனையாவது நகல்?

ஒரே படத்துக்கு இரண்டு கேசட் இருந்தால் எதை எடுப்பது? ஒட்டுத்தாளை நம்பாதீர்கள், நெற்றிப் பொட்டைப் பாருங்கள். பால் முறையில் ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நிறம் வெளிச்சத்தைவிட்டுச் சற்றே கீழே இறங்கும். நெருக்கக் காட்சியில் பொட்டின் கரிய வட்டம் ஓரிடத்திலும் அதன் சிவப்பு அதற்குக் கீழேயும் கிடந்தால், அது நகலின் நகல். உதட்டுச் சாயம் முகவாய்க்கு வழிந்திருந்தால் இன்னும் இரண்டு தலைமுறை கூட்டிக்கொள்ளுங்கள். நிறத்தை மேலே ஏற்றிப் பொருத்துவது அவிசிந்த் என்ற வீடியோ திருத்தும் மென்பொருளில் ஒரு வரி வேலை. ஆனால் நகலெடுத்ததில் கரைந்துபோன விவரம் வராது. ஆகவே பொட்டு பொருந்திய கேசட்டே முதல் ஆதாரம்.

நல்ல கேசட்டை ஒரு முறைக்கு மூன்று முறை எடுங்கள். மூன்றையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை மட்டும் எடுத்தால், ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறும் வெள்ளைக் கீற்றுகள் தானாக மறையும். மூன்றிலும் ஒரே இடத்தில் இருக்கும் கீறல் நாடாவிலோ பிலிமிலோ உள்ளது. அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காரியம், கோடு பிரித்தல், அதாவது ஒரு ஃபிரேமில் கோடு விட்டுக் கோடாகப் பின்னிக்கிடக்கும் இரண்டு பாதிப் படங்களை (ஃபீல்டுகளை) பிரிப்பது. படத்தில் சண்டைக்காட்சி ஒன்றை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஓடும் ஆளின் ஓரத்தில் சீப்புப்பல் மாதிரிக் கோடு இல்லையென்றால் அது பிலிமிலிருந்து நேராக வந்த முழு ஃபிரேம், தொடாதீர்கள். எல்லா ஃபிரேமிலும் சீப்புப்பல் தெரிந்தால், ஒரு ஃபீல்டு தள்ளிப் பதிவாகியிருக்கிறது, பொருத்தினால் போதும். கோடு பிரிக்கும் கியூடிஜிஎம்சி போன்ற கனமான மென்பொருள் கருவி, வீடியோ கேமராவில் எடுத்த தொலைக்காட்சி நாடகத்துக்கும் கல்யாண வீடியோவுக்கும்தான். அவற்றில் வினாடிக்கு 50 அசைவு உண்மையிலேயே இருக்கிறது.

வேகத்துக்கு வருவோம். திரையரங்கில் வினாடிக்கு 24 ஃபிரேம், பால் கேசட்டில் 25. அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் ஓடி முடியும், பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். காது பழகியவர்களுக்கு டி.எம்.எஸ். குரல் கொஞ்சம் இளைத்துக் கேட்கும். பார்க்கும் பிரதியில் படத்தையும் ஒலியையும் சேர்த்தே 24க்கு இறக்குங்கள். ஒலியின் நீளத்தை மட்டும் இழுத்துவிட்டுச் சுருதியை அப்படியே விட்டுவிடாதீர்கள். சரிபார்க்க இசைத்தட்டை ஒப்பிடலாம், ஆனால் ஒரு பாட்டை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். இசைத்தட்டுக்குத் தனியாகப் பாடிய பாட்டுகளும் உண்டு.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்குப் பிறகு வந்த அகலத்திரைப் படங்கள் கேசட்டில் படும் பாடு தனி. பெயர்கள் ஓடும்வரை எல்லாரும் ஒட்டகச்சிவிங்கியாக நீண்டு தெரிவார்கள், பெயர் முடிந்ததும் பக்கங்கள் வெட்டுப்பட்டு இயல்பாகிவிடுவார்கள். எழுத்து வெட்டுப்படக் கூடாது என்று படத்தை நெருக்கியிருக்கிறார்கள். பெயர்ப்பகுதியை மட்டும் அகலத்துக்கு விரியுங்கள், முழு அகலமும் கிடைக்கும் சில நிமிடங்கள் அவைதான். மிச்சத்துக்கு வழியில்லை.

இரைச்சலை நீக்குவதில் கை சுருக்கமாக இருங்கள். செயற்கை நுண்ணறிவு வைத்து 4கே ஆக்கும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் காஞ்சிப் பட்டின் சரிகைக் கரையைக் கொடுத்துப் பாருங்கள். கேசட்டில் அது மங்கிய மஞ்சள் பட்டை. மென்பொருள் அதில் எந்தத் தறியிலும் நெய்யாத கொடியும் பூவும் வரைந்து தரும். கூட்டத்தில் நிற்பவர்களுக்குப் புது மூக்கும் வைக்கும். அதைப் பழைய படம் என்று பேரனுக்குக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. படத்தின் அடியில் சிலுசிலுக்கும் கோடுகளைக்கூட நான் பெரிதாக்கி வெட்டுவதில்லை. பார்க்கும் பிரதியில் கறுப்புப் பட்டையால் மறைப்பதோடு சரி.

தொலைக்காட்சியிலிருந்து பதிந்த கேசட் என்றால் விளம்பரத்தையும் அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பையும் மூலப்பிரதியில் விட்டுவையுங்கள். படம் வேறெங்காவது கிடைத்துவிடும், அந்தக் காலத்து மசாலாத்தூள் விளம்பரம் எங்கே கிடைக்கும்?

ஒவ்வொரு மூலக்கோப்போடும் ஒரு உரைக்கோப்பு வையுங்கள். ஒட்டுத்தாளில் இருந்தது என்ன, எந்த டெக், எந்தத் தேதி, எந்த நிமிடத்தில் நாடா கசங்கியிருக்கிறது, வேறு கேசட்டிலிருந்து எந்தக் காட்சியை ஒட்டினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 எண்ணையும் எழுதிவிட்டால், வன்தட்டில் கோப்பு கெட்டதா என்று பிற்பாடு தெரியும். என்னுடைய ஒரு வன்தட்டு ஈசூனில், இன்னொன்று ஜொகூர் பாருவில் தங்கை வீட்டில்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்கான காப்புரிமை இங்கே 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. கேசட் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. ஆகவே இணையத்தில் ஏற்றுவதும் நண்பர்களுக்கு நகலெடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். கேசட்டில் இருப்பது சிங்கப்பூரில் எடுத்த படமோ நாடகமோ மேடை நிகழ்ச்சியோ என்றால், துடைக்கவும் திறக்கவும் தொடங்குமுன் தேசிய ஆவணக்காப்பகத்திடமோ, 2005இல் தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகத்திடமோ கேளுங்கள். அவர்களிடம் பேசும்போது உரைக்கோப்பைக் கையில் வைத்திருங்கள், முதல் கேள்வியே கேசட் எங்கிருந்து வந்தது என்பதாகத்தான் இருக்கும். எடுத்து முடித்த கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உலர்பெட்டியில் இடமில்லையென்றால் லென்ஸை வெளியே எடுத்து வையுங்கள்.